வலது கண்ணாடியில் ஒரு கட்டைவிரல்

பிலிமத்தலாவையில் என் புருஷன் வீட்டுக் குளியலறைக்குக் கூரை கிடையாது. நான்கு பக்கமும் தகரம் அடித்து, நடுவில் ஒரு கல் போட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க எனக்கு அங்கே அரை மணி நேரம் கிடைக்கும். அந்த வீட்டில் யார் கண்ணிலும் படாமல் நான் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

அன்றும் வெள்ளிக்கிழமை. ஆடி மாதக் காற்று தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மாற்றுச் சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த மூக்குக் கண்ணாடியை வெளியே எடுத்தேன். கழுவுவதற்கு முன் வழக்கம்போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

வலது கண்ணாடியின் நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

என் விரல் அல்ல. நான் எப்போதும் விளிம்பைத்தான் பிடிப்பேன். சிறு வயதிலிருந்து பழக்கம். இது என் விரலைப் போல ஒன்றரை மடங்கு பெரியது. எண்ணெய்ப் பசையோடு அழுத்தமாகப் பதிந்திருந்தது. சுழிசுழியான கோடுகளுக்கிடையே பழுப்பாகத் துகள் ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். மூக்குப்பொடி.

அந்த வீட்டில் பொடி போடுகிறவர் ஒருவர்தான். என் புருஷன்.

போன வாரம் என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். ரசித்துப் படித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வாரம் ரசிப்பதற்கு ஒன்றும் இல்லை. கைப்பிரதியைப் படித்துவிட்டு என் மகன், "அப்பாவப் பத்தி இதெல்லாம் பத்திரிகையில போடணுமாம்மா?" என்று கேட்டான். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நானும் போய்விட்டால் சொல்ல ஆள் இல்லை. போடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கண்டியில் ஒரு கடை

எனக்குக் கண் தெரியாது என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் எல்லோருக்கும் கலங்கித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதுவேன். ஒரு நாள் டீச்சர் அதைக் கண்டுபிடித்து அப்பாவுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அப்பா கண்டி நகரசபையில் கிளார்க். அம்பிட்டியவில் வாடகை வீடு. அடுத்த சனிக்கிழமையே என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். கடையில் ஒரு முஸ்லிம் பெரியவர், என் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு மாற்றிப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது கண்ணாடி தயாராக இருந்தது. மெல்லிய கம்பிச் சட்டம். காதைச் சுற்றி வளைந்து பிடித்துக்கொள்ளும்.

"கேளுங்க புள்ள," என்றார் அவர். "காஞ்ச துணியால தேய்க்கப் போகாதீங்க. தூசி கீறிப்போடும். முதல்ல தண்ணிய ஊத்தணும். பொறகுதான் தொடைக்கணும். நடுவுல வெரல் வைக்கவே கூடாது."

தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தேன். கடை வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணாடி வழியாக நான் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது, என்னைப் பார்த்து அம்மாவின் முகம் சுருங்கியதைத்தான்.

வீதியில் இறங்கியதும் எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டே வந்தேன். அப்பா சிரித்தார். அம்மா என் தோளைக் கிள்ளினாள். "மெதுவாடி. எல்லாரும் பாக்குறாங்க."

கடைக்காரர் சொன்னதை நான் ஒரு நாளும் மீறவில்லை. பூந்திக்கொட்டையை ஊற வைத்து, அந்த நுரையில் ஒரு சொட்டு. பிறகு நல்ல தண்ணீர். பிறகு அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டு. பலமுறை துவைத்துத் துவைத்து நைந்துபோன துணிதான் கண்ணாடிக்கு நல்லது, புதுத் துணி ஆகாது. எனக்குப் பெரிய எதிரி தேங்காயெண்ணெய். அம்மா தலையில் வழிய வழிய வைத்து விடுவாள். காதோரம் கசிந்து கம்பி வழியாக வில்லைக்கு வந்துவிடும். அம்பிட்டிய மேட்டில் மூடுபனி இருக்கும் நாட்களில் ஏறிப் போகையில் என் மூச்சே கண்ணாடியில் படிந்து உலகத்தை மறைக்கும். சாம்பிராணிப் புகை, அடுப்புப் புகை, மழைத்துளி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அழுக்காக்கும். எல்லாவற்றையும் எனக்கு அடையாளம் தெரியும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கட்டைவிரலை நான் ஏன் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூக்கில் இரண்டு பள்ளம்

கல்யாணப் பேச்சு வந்ததும் அம்மா முதலில் செய்த காரியம் கண்ணாடியைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டியதுதான்.

வருஷக்கணக்காகப் போட்டதில் மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு மாதம் காலையும் மாலையும் நல்லெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தாள். தோல் உரிந்து சிவந்தது. "கொஞ்சம் பொறுத்துக்க தங்கம். கண்ணாடி போட்ட புள்ளய எவன் கட்டுவான்? பொறக்குற புள்ளைக்கும் குருடு வரும்பாங்க," என்றாள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டின் மேலேயே புடைவைக் கடை வைத்திருந்தவர்கள். அப்பா இல்லாத குடும்பம். மாமியார்தான் எல்லாம். மாப்பிள்ளை ஒரே மகன், பெயர் சிவசாமி. பெண் பார்க்க வந்தபோது நான் காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். நான்கைந்து கதிரைகளில் நான்கைந்து வெள்ளை உருவங்கள். எது மாப்பிள்ளை என்று தெரியவில்லை. அம்மா சொல்லிக் கொடுத்தபடி இடமிருந்து வலமாகக் கொடுத்துக்கொண்டே போனேன்.

"கண்ணு நல்லாப் பெருசா இருக்கு," என்றது ஒரு பெண் குரல். மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை.

அன்று மாலை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "சொல்லிரலாமே. மறைச்சுக் குடுக்குறது நல்லால்ல."

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு புள்ள பொறக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். புள்ள பெத்தவள யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

அப்பா நகரசபையில் எத்தனையோ பேரின் தவறுகளைக் கண்டுபிடித்து எழுதியவர். வீட்டில் அதற்கு மேல் பேசவில்லை. நான் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட நாளில், என் டிரங்குப் பெட்டியின் அடியில், கூறைச் சேலைக்குக் கீழே, கண்ணாடியை வைத்துவிட்டு வந்து என் காதில் மட்டும் சொன்னார். அதை அன்பு என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாத மனிதர் பெட்டியில் ஒரு பொருளை வைத்தார், அவ்வளவுதான்.

திமிர் பிடித்தவள்

கிட்டத்தில் எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அரிசியில் கல் பொறுக்குவேன், ஊசியில் நூல் கோர்ப்பேன். ஒரு முழத்துக்கு அப்பால்தான் எல்லாம் கரைந்துவிடும். ஆகவே அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வேறு பெயர்கள் வந்தன.

கடைக்கு வந்த உறவுக்காரப் பெண் முற்றத்தில் நின்று சிரித்திருக்கிறாள். நான் சிரிக்கவில்லை. திமிர். எதிர்வீட்டுச் சிங்களத்து அம்மா கையைத் தூக்கிக் கும்பிட்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். மரியாதை தெரியாதவள். கறி வெந்துவிட்டதா என்று சட்டிக்குள் குனிந்து பார்ப்பேன்.

"என்ன அது, நாய் மாதிரி சட்டிய மோந்துக்கிட்டு?" என்பார் மாமியார். "டவுன்காரப் புள்ள, கிளார்க் மகள்னு கட்டி வச்சேன். எனக்குத் தேவதான்."

"இல்லங்க அத்தை, உப்பு போட்டாச்சான்னு..." என்று இழுப்பேன். உப்பைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று அதற்கும் ஏச்சு விழும்.

எண்ணி எண்ணிப் பழகினேன். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் பதினோரு அடி. வீடு சரிவில் இருந்தது. பின்வாசலிலிருந்து கிணற்றுக்கு இறங்க ஒன்பது கற்படிகள். கால் தானாக எண்ணும். மழையில் பாசி பிடித்திருந்தாலும் நான் தடுமாறியதில்லை.

வெள்ளிக்கிழமைக் குளியலறையில் மட்டும் கண்ணாடியைக் கழுவிப் போட்டுக்கொள்வேன். தகரத்தில் ஒரு நீளமான இடைவெளி இருந்தது. அதன் வழியே எதிர்மலையில் கமுகு மரங்கள் தனித்தனியாகத் தெரியும். கொழும்பு ரயில் போவது தெரியும். பெட்டிகளை எண்ணுவேன். பிறகு கழற்றித் துடைத்துச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு, மறுபடி அந்தக் கலங்கல் உலகத்துக்கு இறங்கி வருவேன்.

என் புருஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், ஒரு கடுஞ்சொல் சொல்லியதில்லை. தாயார் என்னை ஏசும்போது துணியை மடித்துக்கொண்டிருப்பார். மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பார்.

அவருக்குத் தெரியும்

அந்தக் கட்டைவிரல் ரேகையைப் பார்த்ததும் குளிக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வேறொன்று தோன்றியது. அவருக்குத் தெரிந்துவிட்டது; ஆனாலும் என்னை ஒன்றும் கேட்கவில்லை; தாயாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் என் பக்கம் இருக்கிறார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதத்தில் முதல் சந்தோஷம். அப்போது நான் முழுகாமல் இருந்தேன், மூன்றாம் மாதம். நல்ல நேரம் பார்த்துத் தாயாரிடம் பேசுவார், 'எடுத்துப் போட்டுக்க' என்று என்னிடம் சொல்வார் என்று நினைத்தேன். ரேகையைக் கழுவித் துடைத்து, கண்ணாடியைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ரேகை இருந்தது. அதற்கடுத்த வாரம் இடது கண்ணாடியில். ஒரு வாரம் இரண்டிலும். வாராவாரம் நான் கழுவி வைப்பேன். வாராவாரம் அவர் எடுத்துப் பார்த்து அழுக்காக்கி வைப்பார். பேச்சு மட்டும் வரவில்லை.

நானாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். இருபது வயது, வயிற்றில் பிள்ளை, 'பிள்ளை பிறக்கும்வரை வாய் திறக்காதே' என்று அம்மாவிடமிருந்து மாதம் ஒரு கடிதம். எதிரே சகலமும் தெரிந்த ஒரு ஆண்பிள்ளை. யார் முதலில் பேசியிருக்க வேண்டும்?

ஒரு முறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "என் பெட்டியில பூச்சி ஏதும் வருதான்னு பாக்கணுங்க. யாரோ கலைச்ச மாதிரி இருக்கு."

அவர் பொடி டப்பியைத் தட்டினார். "எலியா இருக்கும்," என்றார்.

படிக்கல்

கார்த்திகை மாதம். எனக்கு ஏழாம் மாதம். நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மழை. கிணற்றுப் படியில் ஆறாவது கல் ஆட்டம் கண்டிருக்கிறது. என் புருஷன் காலையில் ஒரு ஆளைக் கூப்பிட்டு அதைப் பெயர்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆள் கல்லைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, மண் காயட்டும், மத்தியானம் வந்து வைக்கிறேன் என்று போய்விட்டான்.

கண் உள்ளவர்கள் யார் பார்த்தாலும் தெரியும். இவ்வளவு பெரிய பள்ளம். அதனால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மாமியாருக்கு என் கண்ணைப் பற்றித் தெரியாது, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஆளைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதில் கால் வைத்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. குடம் உருண்டு கிணற்றுச் சுவரில் முட்டிய சத்தம் நினைவிருக்கிறது. வாடகைக் காரில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். பேராதனைப் பாலத்தில் காரின் சக்கரச் சத்தம் மாறியது. கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண். உயிரில்லை.

வெள்ளைத் துணி

யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் பிள்ளையைத் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றி, அறையின் அந்தப் பக்கத்து மேசையருகே நின்று ஏந்தியிருந்தார். எட்டடி தூரம் இருக்கும். எனக்கு ஒரு வெள்ளை உருண்டை மட்டும் தெரிந்தது.

"பிள்ளையப் பாக்கப் போறீரோ?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "வேணாந் தாயி. பாத்தா மனசுல நின்னுரும். அடுத்தது தங்காது. கொண்டு போங்க."

"கிட்டக் கொண்டாங்க," என்று நான் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். குரல் வெளியே வந்ததோ என்னவோ. அந்த வெள்ளை இன்னும் சின்னதாகிக் கதவு இருந்த பக்கம் போயிற்று. வெளியே வராந்தாவில் என் புருஷன் நின்றிருந்தார். அவர் கையில் கொடுத்தார்கள். அவரும் கடையாள் ஒருவரும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஒரு ஆண் உருவம் வாசலில் வந்து நின்றது. அவர்தான் என்று நினைத்து முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். உருவம் என்னைத் தாண்டி அடுத்த கட்டிலுக்குப் போயிற்று. கால்மாட்டில் ஏற்கெனவே நின்ற இரண்டு உருவங்களை வேறு யாரோ என்று நினைத்திருந்தேன். நர்ஸ் அதைக் கவனித்துவிட்டார்.

"பிள்ளை, அவர் உம்மட மனிசன் இல்லை. உம்மட மனிசனும் மாமியும் இஞ்சால, உம்மட கால்மாட்டில நிக்கினம்." பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "உமக்குத் தூரத்தில இருக்கிறது தெரியிறேல்லையோ?"

"தெரியாது," என்றேன்.

"கண்ணாடி போடுறேல்லையோ?"

"இருக்கு. வீட்ல பெட்டிக்குள்ள இருக்கு."

"ஓம், அதைப் பெட்டிக்கை வைச்சா எப்பிடிப் படி தெரியும்?" என்று நர்ஸ் சொல்லிவிட்டு, என் மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்.

மாமியார் கட்டிலுக்கு மிக அருகில் வந்தார். அவர் முகம் இப்போது எனக்குத் தெரிந்தது. "என்ன கண்ணாடி?"

நான் சொன்னேன். சின்ன வயதிலிருந்து போடுவது, அம்மா மறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"குருட்டுப் புள்ளய என் தலையில கட்டிட்டாங்களா?"

"அவருக்குத் தெரியும்," என்றேன். "ஆடி மாசத்துலேர்ந்து தெரியும். கேளுங்க."

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். கால்மாட்டில் நின்ற உருவத்தில் முகம் இல்லை. கறுப்புத் தலையும் வெள்ளைச் சட்டையும்தான்.

"எனக்கு என்ன தெரியும்?" என்று அது சொன்னது. "இப்ப இவ சொல்லித்தான் கேக்குறேன்."

"நீயா சொல்லுவேன்னு"

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா என்னை அம்பிட்டியவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிலிமத்தலாவைக்குப் போய் என் பெட்டியையும் வாங்கி வந்தார். திறந்து பார்த்தேன். இரண்டு வில்லையிலும் ரேகை. நான் விழுந்த அந்த வாரத்தில் பதிந்தது. எனக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கறையைத் துடைக்கத் தோன்றவில்லை. அப்படியே துணியில் சுற்றி வைத்தேன்.

அம்மா என்னோடு பேச அஞ்சினாள். "உன் நல்லதுக்குத்தாண்டி..." என்று ஆரம்பிப்பாள். நான் எழுந்து போய்விடுவேன். அவள் சாகும்வரை அந்த வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை.

மூன்று மாதம் கழித்து என் புருஷன் வந்தார். மஞ்சள் வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு, விருந்துக்கு வந்தவர்போல. அப்பா அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் துணியைப் பிரித்துக் கண்ணாடியை அவர் முன்னால் வைத்தேன்.

"இது யாரு வெரலுங்க?"

"என்னதுதான்," என்றார்.

"ஏன் எடுத்தீங்க?"

"போட்டுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. தலை சுத்துச்சு. இது வழியாத்தான் ஒனக்குத் தெரியும்னா, இது இல்லாம எப்படியிருக்கும்னு யோசிச்சேன்."

"வாராவாரம் யோசிச்சீங்களா?"

அவர் பொடி டப்பியை எடுத்து, திறக்காமலே மறுபடி பையில் வைத்தார்.

"ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒன்ன அனுப்பிருவாங்க. அனுப்பிரக் கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன்."

"அனுப்பியிருந்தா புள்ள இருந்திருக்கும்," என்றேன்.

அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இரக்கம் வரவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவித் துடைத்து, போட்டுக்கொண்டு திரும்பி வந்து, வாசல்படியருகே நின்று அவரைப் பார்த்தேன். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் புருஷனைத் தள்ளி நின்று முழுசாகப் பார்க்கிறேன். தோள் சரிந்த, காது பெரிய, நல்ல மனிதர் என்று யாரும் சொல்லக்கூடிய ஒரு முகம்.

தன் தாயாரைச் சம்மதிக்க வைத்துவிட்டதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை. "வீட்டுக்குள்ள போட்டுக்கலாம். கடைப்பக்கம் மட்டும் வர வேணாம். நாலு பேர் வந்து போற இடம்."

"கடைப்பக்கமும் வருவேன். ரோட்டுலயும் நடப்பேன். அதுக்குச் சரின்னா வர்றேன்."

"அம்மாகிட்ட கேட்டுட்டு..."

"கேட்டுட்டு வாங்க," என்றேன்.

இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. வந்தார். போனேன். ஏன் போனாய் என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கலாம். அப்பாவின் வாடகை வீட்டில் இரண்டு அறைகள்தான்; ஒன்றில் அம்மா இருந்தாள். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

கண்ணாடியோடு கடையில் போய் நின்றேன். வந்தவர்கள் ஒரு வாரம் உற்றுப் பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சிங்களத்து அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பாஷையில், இதனால்தான் தன்னைப் பார்த்து நான் சிரிக்கவில்லையா என்று கேட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. மாமியார் மட்டும் கடைசிவரை என்னைக் 'கண்ணாடிக்காரி' என்றுதான் கூப்பிட்டார். பத்து மாதம் மறைத்து வைத்தது, ஊருக்கு ஒரு வாரத்துப் பேச்சாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இருவரையும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பெற்றேன். கழற்றச் சொன்ன மருத்துவச்சியிடம் முடியாது என்றேன். பிறந்த உடனே பார்த்தேன். அவர்கள் முகத்தில் இருந்த ஒவ்வொரு மயிரும் எனக்குத் தெரிந்தது.

மூத்தவன் பிறந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம். கடை சாத்திச் சாப்பிட வந்திருந்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, பிள்ளையின் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ஒன்ன மாதிரி," என்று சிரித்துக்கொண்டிருந்தார். மனசில் அவ்வளவு நாள் இருந்ததைக் கேட்டேன்.

"மொதல்ல பொறந்தது யாரு மாதிரி இருந்துச்சு?"

அவர் விரல் நின்றது.

"நீங்கதான கையில வாங்கினீங்க. துணியோட எவ்வளவு தூரம் கொண்டு போனீங்க. மூக்கு எப்படி இருந்துச்சு? முடி இருந்துச்சா?"

அவருக்கு அருமையான கண். கடைக்குள் உட்கார்ந்தபடியே ரோட்டில் போகிற பஸ்ஸின் நம்பரை வாசிப்பார். துணியில் ஒரு இழை விட்டிருந்தால் கையில் எடுக்காமலே சொல்லிவிடுவார். கடைசிக் காலம்வரை கண்ணாடி போட்டதில்லை.

தொட்டிலைப் பார்த்தபடியே சொன்னார்.

"சரியாப் பாக்கல."